மயில்துத்தமும் ரப்பர்ப் பாலும்

சீமையில் ஒரு பழைய சர்வகலாசாலையின் நூலகத்தில் என் பெயர் இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஜொகூரில் இந்தச் சிம்பாங் ரெங்கம் ஊரில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களில் ஒருவருக்காவது அந்தப் பேறு கிடைத்ததா? கல்யாண வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். கோயில் நிர்வாகக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். என் பைண்டிங் கடையைத் திறந்து வைக்க வந்த பெரிய மனிதரிடம், அவர் கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். நான் ஆரம்பித்தால் என் மனைவி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் பாதியைத்தான் சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். மற்றப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

அப்போது லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், புகை வீட்டில் எனக்கு வேலை. பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கம்புகளில் தொங்கவிட்டுப் புகை போடுகிற இடம் அது. காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தூசி, குமிழி, புள்ளி பார்த்து ரகம் பிரிப்பேன். எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் வந்தபோது எனக்கு இருபத்துமூன்று. நான் முதல் ரகம் என்று ஒதுக்கியதைச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பியதில்லை.

அந்தத் தோட்டத்துப் பெரிய துரைக்கு ஓர் அண்ணன். அவர் சீமையிலிருந்து வருகிறார் என்று சொல்லி எங்களில் நான்கு பேரை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். இறங்கியவர் ஒல்லியாக, சுண்ணாம்பு போல் வெளுத்து, இரண்டடிக்கு ஒருமுறை இருமினார். கூடவே ஏழு தகரப் பெட்டிகள். மாட்டு வண்டியில் ஏற்றும்போது ஒரு பெட்டியின் தாழ்ப்பாள் விட்டு மூடி திறந்துகொண்டது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் காகிதச் சீட்டுகள். விளிம்பு வரை அடுக்கடுக்காகச் சீட்டுகள், வேறொன்றும் இல்லை.

எங்களை வேலை வாங்குகிற தண்டலும் கூட வந்திருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏழு பெட்டியும் காகிதமாடா? அங்க அடுப்பு எரிக்க விறகு கெடைக்கல போலருக்கு, இங்க கொண்டாந்துட்டாரு" என்றார்.

நாங்கள் சிரித்தோம். வந்திறங்கிய துரை திரும்பிப் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத் தமிழில் சொன்னார்: "இவை எரிப்பதற்கு அல்ல. இவை என் ஆயுள்."

தண்டலுக்கு முகம் செத்துவிட்டது. தாம் வேலை பார்த்த சீமை நூலகத்தில் கிடந்த பழைய தமிழ்ப் புத்தகங்களுக்குப் பட்டியல் போடுவதற்காக அவர் தாமாகவே எழுத்துக் கற்றுக்கொண்டவர் என்பது பிறகு தெரிந்தது. தமிழ் பேசுகிற ஒரு வாயை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாராம். அது அடுப்பு விறகைப் பற்றிய பேச்சாக அமைந்தது அவருடைய நேரம். அன்று முதல் நாங்கள் குடியிருந்த லயங்களில் அவருக்குப் புத்தகத் துரை என்று பெயர்.

ஒரு வாரம் கழித்து, சுத்தமான கை உள்ள ஆள் வேண்டும் என்றார். தம்பி துரை மூன்று பேரை பங்களாவுக்கு அனுப்பினார். மூவரையும் கை கழுவச் சொல்லி, மேசைமேல் கிடந்த ஒரு சீட்டை எடுக்கச் சொன்னார். மற்ற இருவரும் நடுவில் விரல் வைத்து எடுத்தார்கள். நான் ஷீட்டைத் தூக்குகிற பழக்கத்தில் இரு ஓரங்களையும் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரே காட்டினேன். "நீர் இரும்" என்றார். காலையில் புகை வீடு, மத்தியானத்துக்கு மேல் பங்களா என்று ஆனது.

வேலை இதுதான். ஒவ்வொரு சீட்டும் ஒரு புத்தகத்துக்கு. அதன் பெயர், எழுதியவர், எந்த அலமாரியில் நிற்கிறது என்ற விவரம். இருபத்திரண்டு வருஷம், தினமும் நூலகத்தை மூடிய பிறகு உட்கார்ந்து அவர் தம் கையால் எழுதியவை. அவற்றை விஷய வரிசையில் அடுக்கி, பதினொரு கனத்த வெற்றுப் புத்தகங்களில் ஒட்ட வேண்டும். சீட்டுகளுக்கு நடுவே இடம் விட வேண்டும். நாளைக்குப் புதுப் புத்தகம் வந்தால் அதன் சீட்டு அங்கே நுழையும். இடம் போதாமல் போனால் பழைய சீட்டை ஈரத் தூரிகையால் நனைத்து, உரித்து, அடுத்த பக்கத்துக்கு மாற்றுவார்கள். ஆகையால் பசை பிடிக்கவும் வேண்டும், கேட்டால் விடவும் வேண்டும். ஒட்டிய ஒவ்வொரு புத்தகத்திலும் ஏதாவது ஒரு சீட்டை உரித்துப் பார்க்காமல் அவர் அதை மூடியதே இல்லை.

இங்கிலீஷில் எனக்கு எழுத்துகளின் உருவம் மட்டும்தான் தெரியும். ஆனாலும் மூன்று மாதத்தில் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியைவிட வேகமாக அடுக்கினேன். கிராணியே ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, "படிக்கத் தெரியாதவன்தான்யா இதுக்குச் சரி, நடுவுல நின்னு படிக்க மாட்டான்" என்று சொல்லிப் போனார். அது பொறாமை.

துரை வேலைக்கு நடுவே பேசுவார். அவருடைய அப்பா செருப்புத் தைக்கிறவர். பதின்மூன்று வயதில் இவரை நூலகத்தில் ஏணி ஏறிப் புத்தகம் எடுக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டிருக்கிறார். அந்த நூலகத்தில் நெருப்புக்குப் பயந்து விளக்கே கிடையாதாம். குளிர் காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டி, மூடிவிடுவார்களாம். இவர் வீட்டுக்குப் போய் மெழுகுவத்தியில் எழுதுவார். ஏணியிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து துணை நூலகர் அறைக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் ஒரே ஒரு நாற்காலி. அதில் இருந்தவர் இறந்துபோனார். ஆனால் அந்த நாற்காலியில் பட்டம் வாங்காத ஆள் உட்கார்ந்த வழக்கம் இல்லை. சர்வகலாசாலையின் கனவான்கள் மூன்று பேர் கூடிப் பேசி, "உமது பட்டியலை முடித்து அனுப்பும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் நெஞ்சில் சளி கட்டி, அந்தக் குளிரில் இருந்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் தம்பி வீட்டுக்கு வந்தார்.

"திரும்பிப் போயி குளிர்ல செத்துப் போயிட்டா என்ன தொரை செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அந்த நாற்காலியில் சாவேன்" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஏணியிலிருந்து ஏறி வந்த ஆள். அதனால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நானும் அப்படித்தான் ஏறப் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

சீமையில் வெறும் மாவுப் பசை போதும். இங்கே முதல் புத்தகத்தை ஒட்டி வைத்த மறுநாளே கரப்பான் பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தது. துரை பசையில் மயில்துத்தம் கலந்தார். அந்த நீலக் கல்லைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டால் பூச்சி அண்டாது. அப்படி மூன்று புத்தகங்கள் முடிந்தன. நான்காவதைத் தொடும்போது துத்தம் தீர்ந்தது. லாயாங் லாயாங் சீனன் கடையில் இல்லை. சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டும் வரவில்லை. அதே வாரம் துரைக்கு இருமலில் ரத்தம் வந்து ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது என்னிடம் சொன்னார்: "துத்தம் வரும் வரை காத்திரும். அடுக்கி மட்டும் வையும்."

இரண்டு வாரம் காத்திருந்தேன். துத்தம் வரவில்லை. புத்தகங்கள் ஏற வேண்டிய கப்பலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். அதைத் தவறவிட்டால் கனவான்கள் குறித்த நாள் போய்விடும்.

பூச்சி தொடாத பசை என் காலடியில் வாளி வாளியாக ஓடிக்கொண்டிருக்க, நான் கடைக்காரனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ரப்பர்ப் பாலில் உறையாமல் இருக்க அமோனியா இரண்டு சொட்டு விட்டு, ஒரு தாளில் ஆறு சீட்டு ஒட்டிப் பார்த்தேன். சிக்கென்று பிடித்தது. சுருக்கம் இல்லை. இரண்டு நாள் வெளியே வைத்தும் ஒரு பூச்சி கிட்டே வரவில்லை. இப்படி ஒன்று சீமைக்காரனுக்குத் தோன்றியிருக்குமா?

டப்பாவின் அடியில் துத்தத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துரை வந்து கேட்டால் "துத்தம் போட்டேன்" என்று பொய்யில்லாமல் சொல்லலாமே என்று அதையும் சுரண்டிப் பாலில் கலந்தேன். லேசாக நீலம் தட்டியது. அந்தக் கலவையிலும் ஒரு தாள் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. எட்டு நாளில் எட்டுப் புத்தகம் முடித்தேன். புகை வீட்டுக்கு லீவு போட்டு, சோற்றை பங்களாவுக்கே கொண்டுவரச் சொல்லித் தின்றேன்.

என் மனைவி பால் வெட்டுக்குப் போகிறவள். சோறு கொண்டுவந்தவள் வாளியைப் பார்த்தாள். "தொரை மாவுதான சொன்னாரு?"

"தொரைக்கு என்ன தெரியும் பாலைப் பத்தி."

"ஒங்களுக்கு என்ன தெரியும் புஸ்தகத்தைப் பத்தி" என்றாள். நான் அடுத்த சீட்டை எடுத்தேன்.

கப்பலுக்குச் சரக்கு போகிற நாளுக்கு முதல் நாள் துரை வந்தார். மேசைமேல் பதினொன்றும் வரிசையாக நின்றன. கண் கலங்கிவிட்டார். நான்காவதைத் திறந்து, விரலால் தடவி, "துத்தம் வந்ததா?" என்றார்.

"போட்டிருக்கேன் தொரை."

வழக்கம்போல் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்தார். ரப்பர் தண்ணீருக்கு விடாது. தூரிகை சீட்டைத் தொடுவதற்குள் முந்திக்கொண்டேன். "இன்னும் சரியா காயல தொரை, இப்ப நனைச்சா எழுத்து ஊறிடும். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நம்பினார். தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு வெற்றுச் சீட்டில் இங்கிலீஷில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். இந்தத் தொகுதிகளை ஒட்டியவர் இன்னார் என்று என் பெயர், என் அப்பா பெயர், தோட்டம், ஜொகூர். "நூலகத்தில் வேலை செய்தவன் பெயரை எவரும் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன்" என்றார். அந்தச் சீட்டை நான்காவது புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். வாளியில் மீதியிருந்த பாலில்தான் ஒட்டினேன். மறுநாள் காலை வண்டி வந்துவிட்டது. சோதிக்க நேரமில்லை.

அதற்கடுத்த மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. லயத்தில் எல்லாரிடமும் சொன்னேன். தண்டலே ஒரு கோப்பைக் கள்ளு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் மத்தியானம் என் மனைவி எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். நீலக் கலவையை ஒட்டிப் பார்த்தேனே, அந்தத் தாள்தான். துணிகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்தாளாம். பிரிக்கப் பார்த்தால் பிரியவில்லை. பாகு போல் இளகி, காபிக் கறை போல் பழுத்து, இழுத்த இடத்தில் நூல் நூலாக வந்தது. துத்தம் போடாமல் ஒட்டிய முதல் தாள் அதே பெட்டியில்தான் இருந்தது. அது அப்படியே இருந்தது.

இரண்டையும் கிராணியிடம் கொண்டு போய்க் காட்டினேன். காரணம் சொல்லவில்லை. அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"பித்தளைப் பாத்திரத்துல பால் எடுக்கக் கூடாதுன்னு ஆலையில எழுதித் தொங்கவிட்டிருக்கே, எதுக்கு?"

"செம்பு பட்டா ஷீட்டு இளகிடும்."

"துத்தம்னா என்ன? செம்புல செய்யற உப்புதான்யா அது. புகை வீட்டு ராசா நீயே இதப் போயி கலந்தியா?"

அந்த விதியை நான் புதிதாக வருகிறவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீலக் கல்லுக்குள் செம்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

மனைவி வாசலில் நின்றாள். "கப்பலு இன்னும் போய்ச் சேரலதான? போய்ச் சொல்லுங்க. தந்தி அடிப்பாரு. தொறக்காம வைங்க, ஊடால சாக்பீசு மாவைத் தூவுங்கன்னு சொன்னா பாதியாவது தப்பிக்கும். ஷீட்டு ஒட்டிக்கிட்டா நீங்க அதைத்தான செய்வீங்க?"

அவள் சொன்னது சரி. அன்று சாயங்காலமே பங்களாவுக்குப் போனேன். துரை வராந்தாவில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலைமை நூலகர் அறையில் மேசையை எந்த ஜன்னலோரம் போடுவது என்று படம் வரைகிறார். "இங்கே காலை வெயில் வரும்" என்று எனக்குக் காட்டினார். நான் நல்ல இடம் தொரை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை போனபோது ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை படியில் கால் வைக்காமலே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. கப்பல் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நானே கணக்குப் போட்டு, இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன். என் மனைவி பதினேழு நாள் என்னோடு பேசவில்லை.

கடிதம் வந்தது. துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முகம் வந்து இறங்கிய நாளில் இருந்ததைவிட வெளுத்திருந்தது. முதல் மூன்று புத்தகங்கள் அருமையாக இருக்கின்றனவாம். மற்ற எட்டும் செங்கல் போல் ஒட்டிக் கிடக்கின்றன, பலம் கொடுத்துத் திறந்தால் எழுத்தோடு கிழிகின்றன என்று எழுதியிருந்தார்கள்.

"கப்பலின் சூட்டில் என் கலவை கெட்டிருக்கிறது. துத்தம் அதிகமாகிவிட்டது போலும். என் தவறு என்று எழுதப் போகிறேன்" என்று பேனாவை எடுத்தார்.

பசை காய்ச்சத் தெரியாதவன் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவருக்கு யார் அந்த நாற்காலியைக் கொடுப்பார்கள்? அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"ஒங்க கலவை தப்பில்ல தொரை. நான் பால்ல ஒட்டினேன்."

"எந்தப் பால்?"

"மரத்துப் பாலு."

"எத்தனை புத்தகம்?"

"நாலுலருந்து பதினொன்னு வரைக்கும்."

பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நான் பயந்திருந்த கேள்வியைக் கேட்டார். "கெட்டுவிட்டது என்பதை நீர் எப்போது அறிந்தீர்?"

"கப்பல் நடுவழியில இருக்கும்போது."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "வந்து நின்று வெயிலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போனீர்" என்றார். "வெளியே போம்."

அவர் நடந்ததை அப்படியே எழுதினார். தாம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொன்னதை மீறி வேலையாள் செய்தது என்று எழுதினார். இதனால் காரியம் நேராகும் என்று நான் நம்பினேன். வேண்டிக்கொண்டேன். என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று அந்த இரண்டரை மாதமும் மெய்யாகவே நினைத்தேன்.

பதில் வந்ததும் மறுபடியும் கூப்பிட்டார். ஒரு வரியை மட்டும் தமிழில் சொன்னார். "சர்வகலாசாலையின் சீட்டுகளை ஒரு தோட்டக் கூலியின் கையில் ஒப்படைத்தது பசைக் கோளாறைவிடப் பெரிய குற்றம்." நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "நான் சேர்ந்த நாளில் என்னையும் இப்படித்தான் பதிவேட்டில் எழுதினார்கள். செருப்புத் தைப்பவன் மகன், ஏணிக்கு."

தோட்டக் கூலி. இன்று இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடப் பதிவேடுகள், மாதா கோயில் பாட்டுப் புத்தகங்கள், வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகங்கள் எல்லாம் என் கடையில்தான் பைண்டாகின்றன. அந்தக் கனவான்களில் ஒருவர் உயிரோடு வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். ஆனால் நான் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு வழி மிஞ்சியிருக்குமோ, முன்பே சொல்லியிருந்தால் எல்லாமே மிஞ்சியிருக்குமோ என்று கேட்டுக்கொள்ளாத வருஷம் இல்லை. பொய்யையும் நேரம் தப்பிச் சொன்னேன், உண்மையையும் நேரம் தப்பிச் சொன்னேன்.

அவரிடம் நகல் கிடையாது. தோட்டத்தில் பாலை நிறுத்து எடை எழுதிக் கொடுக்கும் துண்டுக் காகிதங்களின் பின்பக்கத்தில், ஞாபகத்திலிருந்து மறுபடியும் சீட்டு எழுத ஆரம்பித்தார். இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். அடுக்கச் சொன்னார். ஒட்ட மட்டும் விடவில்லை. தூரிகையை நான் தொட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். அப்படி ஒன்றரை வருஷம் போனது. இரண்டு புத்தகம் தேறியது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தைப் பாதி மூடினார்கள். பெரிய துரைக்கும் வேலை போனது. அண்ணனும் தம்பியும் ரயிலேறுகிற அன்று பெட்டிகளை நான்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனேன். இந்தத் தடவை மூன்று பெட்டிதான். ரயில் பாலோ ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்று ஸ்டேஷன்காரர் சொன்னார்.

துரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். "பசை எப்படிக் காய்ச்சுவீர்?" என்றார்.

சொன்னேன். மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு. முதலில் குளிர்ந்த தண்ணீரில் கரைக்க வேண்டும். சிறு தீ. ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். கண்ணாடி போல் ஆனதும் இறக்கி, ஆறிய பிறகு துத்தம் ஒரு சிட்டிகை.

"பிறகு?"

"பெறகு ஒரு சீட்டை ஒட்டி, காயவிட்டு, நனைச்சு உரிச்சுப் பாக்கணும்."

"எப்போது?"

"புஸ்தகத்தை மூடறதுக்கு முன்னால தொரை. நாளைக்குன்னு தள்ளிப் போடக் கூடாது."

தலையை ஆட்டினார். ரயில் வந்தது. கையை நீட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஏறிய பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னார், அந்த எட்டுப் புத்தகங்களையும் எரிக்க மாட்டார்கள், கீழறையில் எங்காவது வைத்திருப்பார்கள், நூலகத்தில் எதையும் எரிக்கிற வழக்கமில்லை என்று. அதை ஆறுதலாகச் சொன்னாரா, தண்டனையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அதன் பிறகு அவரைப் பற்றிச் சேதி இல்லை.

என் கடையில் ரப்பர்ப் பசை டப்பா வைக்க விட்டதில்லை. கோலாலம்பூரிலிருந்து வருகிற வியாபாரிகள் மாதிரி கொடுத்துப் பார்க்கிறார்கள், வாங்குவதில்லை. என்னிடம் பைண்டாகிற எந்தப் புத்தகமும் ஓர் ஓரத்தை உரித்துப் பார்க்காமல் வெளியே போவதில்லை. தொழில் சுத்தம் என்று ஊரில் பேர் வாங்கியிருக்கிறேன்.

என் பெயர் சீமை நூலகத்தில் இருக்கிறது என்பதும் நிஜம். நான்காவது புத்தகத்தில், முதல் பக்கத்தில், நானே ஒட்டிய சீட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் திறந்து படித்திருக்க முடியாது.

இதை எழுதி முடித்து என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை எழுந்து போகவில்லை. "அந்தப் பதினேழு நாளு நான் பேசாம இருந்ததையும் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டிருக்கிறேன் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.